இன்றைய அளவு

ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்துச் சுவரில்
டேப் வைத்து நான் போட்ட பென்சில் கோடுகள்.
பெயின்ட் அடிக்க வந்த பையன் கேட்டான்,
"பேரப்பிள்ளை உயரமா?"
இல்லை தம்பி, அபரஞ்சியின் வலது கை.

மூணாறு தலைப்பில் முப்பத்தொரு வருஷம்
ஷட்டர் திருப்பினவன் நான்.
காலை ஆறு, மாலை ஆறு,
கல்லில் தண்ணீர் நிற்கும் இடம் பார்த்து
ரிஜிஸ்தரில் எழுதவேண்டும்.
பார்த்ததை எழுது, நினைத்ததை எழுதாதே என்பார்
அப்போதிருந்த செக்‌ஷன் ஆபீசர்.

பார்த்தது:
ஆனி இருபது. தோளில் எரிகிறது என்றாள்.
வெயில் என்றேன்.
மூன்றாம் நாள் தோளிலிருந்து முழங்கை வரை
மிளகளவு கொப்புளங்கள்,
ஒரே பக்கம், வாய்க்கால் வெட்டினாற்போல்.
ரவிக்கை பட்டால் நெருப்பு.
என் பழைய காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு
வேளார் வீட்டுக்குப் போய் அக்கி எழுதிக்கொண்டு வந்தாள்.
காவியில் ஒரு சிங்கம்,
வாலை முழங்கையில் சுருட்டி வைத்திருந்தது.
அழகாகத்தான் இருந்தது.
மாத்திரைக்கு மூன்று நாள் கெடு என்பது
எங்களுக்கு ஆறாம் நாள் தெரிந்தது.

பொருக்கு உதிர்ந்தது. சிங்கம் சோப்பில் போனது.
அப்பாடா என்றிருந்த வாரத்தில்
மேல்தட்டுக் காப்பிப்பொடி டப்பாவைப் பார்த்தபடி
நின்றுகொண்டிருந்தாள், ரொம்ப நேரம்.
"எடுன்னா எடுக்க மாட்டேங்குது."
விரல் மடங்கியது, மணிக்கட்டு திரும்பியது.
தோள் மட்டும்
யார் வீட்டுத் தோளோ.

பக்கவாதம் என்றான் மச்சினன்.
சிரிக்கச் சொல்லி வாயைப் பார்த்தான்.
தஞ்சாவூரில் ஊசி குத்தி, கரன்ட் விட்டு,
டாக்டரம்மா கேட்டார்:
"சின்ன வயசுல அம்மை போட்டுச்சா?"
ஏழு வயதில். வேப்பிலைப் படுக்கை, மூணு தண்ணி.
இறங்கிவிட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.
நரம்பின் வேரில்
அறுபத்திரண்டு வருஷம் கோரைக்கிழங்காய்க் கிடந்திருக்கிறது.
தோலோடு போவதுதான் வழக்கமாம்,
சதையை முடக்குவது அபூர்வமாம்.
"லாட்டரி ஒண்ணும் விழல, இது விழுந்திருக்கு"
என்றாள் அபரஞ்சி.

பெரும்பாலும் திரும்பிவிடும் என்றார்.
மாதங்கள் ஆகும். வருஷமும் ஆகலாம்.
பெரும்பாலும் என்ற சொல்லை
நான் ரிஜிஸ்தரில் எழுதியதே இல்லை.

பிசியோதெரபிப் பெண் ஷர்மிளா பானு
விரல்களைப் பல்லிபோலச் சுவரேற்றச் சொன்னாள்.
நிற்கிற இடத்தில் கோடு.
ஆவணி மூன்று, இடுப்புக்கு மேல் நாலு விரல்.
புரட்டாசி முழுக்க அதே கோடு,
பென்சில் பட்டுப் பட்டுத் தடித்துப்போனது.
ஆறு கரைதொட்டு ஓடிய மாதம் அது.

கடைமடைக்காரர்கள் தலைப்புக்கு வந்து சண்டை போடுவார்கள்.
"தொறந்துட்டேன்னு சொல்றியே, எங்க வயலுக்கு வரலையே?"
வரும்யா, வரும், போ என்று அனுப்பிவைப்பேன்.
ஒருத்தர், முத்துப்பேட்டைப் பக்கம்,
பதில் சொல்லாமல் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு
தண்ணீரையே பார்த்துவிட்டுப் போனார்.
இப்போது தினமும் காலை ஆறு மணிக்கு
அவள் தோளுக்குப் பக்கத்தில்
அவரைப்போல நிற்கிறேன்.

கொண்டை நான்தான் போட்டுவிடுகிறேன்.
ஷட்டர் சங்கிலிக்கு கிரீஸ் தடவுற பிடி,
மெதுவா, என்கிறாள்.
ஐப்பசி அடைமழையில் மார்பளவு.
கார்த்திகையில் ஒரு விரல் கூட.
மார்கழியில் ஒன்றுமில்லை.
ஒருநாள் டப்பாவை நான் கீழ்த்தட்டில் இறக்கி வைத்தேன்.
மறுநாள் அது மேலே இருந்தது.
இடது கையால் ஸ்டூல் போட்டு ஏறியிருக்கிறாள்.
நான் கேட்கவில்லை.

நேற்று ராத்திரி கரன்ட் போனது.
கொசுவர்த்தி தேடி செல்போனைத் தட்டினேன்.
தூக்கத்தில் அவள் வலது கை
தலையணைக்கு மேலே போய்
உள்ளங்கை திறந்து கிடந்தது.
வெளிச்சத்தை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

காலையில் சுவரில் பழைய கோடுதான்.
எழுதினேன்: தை ஒன்பது. மாற்றம் இல்லை.
கீழே, ஓரமாக:
இரவு 2.40. படுத்த நிலையில். தலைக்கு மேல்.